பதினெட்டு குழிக்கு ஒரு வழி

ஊர்க்கூட்டத்தில் எல்லோரும் ஒரே குரலில் "சரி" என்று சொல்லிவிட்டால், பிள்ளைகளே, சந்தோஷப்பட்டுக் கையெழுத்து வாங்கிக்கொண்டு கிளம்பிவிடாதீர்கள். உட்காருங்கள். டீ வந்தால் இன்னொரு டீ குடியுங்கள். அண்ணனும் தம்பியும் ஒரு வரப்புக்கு ஒத்துப்போகாத ஊரில் நூறு பேர் ஒரு ரோட்டுக்கு ஒத்துப்போகிறார்கள் என்றால், ஒன்று அவர்களுக்குப் புரியவில்லை, இல்லை உங்களுக்குப் புரியவில்லை.

கிராம நிர்வாக அலுவலராகப் புதிதாகச் சேர்ந்திருக்கிறீர்கள். பட்டா, அடங்கல், சிட்டா எல்லாம் பயிற்சியில் சொல்லித்தந்திருப்பார்கள். அதில் நான் கை வைக்கப்போவதில்லை. நான் உத்திரமேரூர்ப் பக்கம் வருவாய் ஆய்வாளராக இருந்து ஓய்வு பெற்றவன். எங்கள் அத்தா பஜாரில் இரும்புக்கடை வைத்திருந்தார். கல்லாவில் உட்காரச் சொன்னால் ஜமாபந்தியில் உட்காரப் போனவன் என்று கடைசிவரை என்னைக் கேலி செய்தார். கிராமங்களில் எனக்குப் பெயர் பாய். சார் என்று கூப்பிட்டால் மனுக் கொடுக்க வந்திருக்கிறார்கள் என்று அர்த்தம். பாய் என்று கூப்பிட்டால் சண்டை போட வந்திருக்கிறார்கள்.

விஷயத்துக்கு வருகிறேன். உத்திரமேரூருக்குத் தெற்கே ஒரு ஏரி, ஏரிக்குப் பின்னால் ஒரு மேட்டு நிலம். ஊர்ப் பெயர் வேண்டாம், இன்னும் அங்கே எனக்கு டீ கொடுக்கிறார்கள். அந்த மேட்டை ஒரு கம்பெனி மொத்தமாக வாங்கிப்போட்டது. கோல்ஃப் மைதானம் போட்டு, சுற்றிலும் பங்களா கட்டி விற்பதாகத் திட்டம். எல்லாம் சரி, உள்ளே போக வழி வேண்டுமே. தார் ரோட்டிலிருந்து அந்த நிலத்துக்கு இருந்தது ஒரே ஒரு வண்டிப்பாதை. அரசுப் புறம்போக்கு. ஒரு பக்கம் ஏரிக் கால்வாய், மறுபக்கம் கழனி. பாதை கம்பெனி நிலத்தை உரசிக்கொண்டு போய், அதற்கும் அப்பால் ஏழெட்டுக் குடும்பங்களின் கழனியில் முடியும். கடைசிக் கழனி கன்னியம்மாவுடையது. கணவர் இறந்த பிறகு அவரே பயிர் வைத்துக்கொண்டிருந்தார்.

கம்பெனி கொடுத்த மனு இதுதான்: வண்டிப்பாதையை எங்களுக்குக் கொடுங்கள், அகலப்படுத்தித் தார் போட்டு முகப்பில் கேட் வைத்துக்கொள்கிறோம்; பதிலுக்கு எங்கள் நிலத்தின் ஓரமாக, ஏரியை ஒட்டி, ஒரு மாற்றுப் பாதை தருகிறோம். அந்த ஓரம் எது என்று ஊருக்குத் தெரியும். ஏரியில் தண்ணீர் ஏறினால் முதலில் நனைவது அதுதான். தண்ணீர் இறங்கிய பிறகும் மாசக்கணக்கில் களி காயாது. அந்த வழியில் அறுவடை மெஷின் போகாது. மெஷின் போகாத கழனியில் இந்தக் காலத்தில் யாரும் பயிர் வைக்க முடியாது, அறுக்க ஆள் இல்லை. விற்கத்தான் வேண்டும். வாங்குவதற்கு ஒரே ஆள்தான் இருப்பான், அதுவும் கம்பெனி. கன்னியம்மாவுக்கு அந்தப் பாதை போனால் கழனியே போன மாதிரி.

இவ்வளவும் இருக்க, முதல் கூட்டத்தில் என்ன நடந்தது தெரியுமா? எல்லோரும் சரி என்றார்கள்.

பள்ளிக்கூடத்து வராந்தாவில் கூட்டம். மைக் வைத்திருந்தார்கள். எங்கள் வட்டாரத்தில் மைக்கைப் பிடித்தவர் குடவோலைக் கல்வெட்டைப் பற்றி நாலு வார்த்தை பேசாமல் விடமாட்டார், அதெல்லாம் முடிந்தது. நான் மனுவை எழுத்து விடாமல் வாசித்தேன். நிலத்தின் பரப்பு ஹெக்டேரில் இருந்தது. ஹெக்டேர் என்பது எங்கள் ஆபீசைத் தவிர வேறெங்கும் யார் காதிலும் ஏறாத சொல். அதற்கடுத்த வரி, "பதினெட்டு குழி மைதானம் அமைக்க உத்தேசித்து". இது ஏறியது. ஏறியது என்றால், அப்படி ஏறியது.

"சரிப்பா, குடுக்கலாம்" என்றார் ஒருவர். "நல்ல காரியந்தானே" என்றார் இன்னொருவர். மாற்றுப் பாதை என்று வாசித்தபோது, "வயிக்கு வயியும் தர்றானுங்க" என்று பின்னாலிருந்து ஒரு பாராட்டு வேறு. வரிசையில் நின்று கையெழுத்துப் போட்டார்கள். கன்னியம்மாவும் போட்டார். எனக்குப் பசி. ஊர் இவ்வளவு நல்ல ஊரா என்று நினைத்துக்கொண்டே பையை எடுத்தேன்.

அப்போதுதான் ஏகாம்பரம் வந்தார். வார்டு உறுப்பினர், வாயாடி, கபடிக் குழுவுக்குத் தலைவர்.

"பாய், கிரவுண்டுக்கு லைட்டு போட்டுக் குடுப்பாங்களா? பசங்க பொயுது சாஞ்சிதான் ஆட வரானுங்க."

"எந்த கிரவுண்டு?"

"இன்னா பாய், நீதானே படிச்சே. பதினெட்டு குயி மைதானம். கால் ஏக்கருகூட வராது. கிரிக்கெட்டுக்குப் பத்தாது, கபடிக்குப் போதும்."

நான் பையைத் திரும்பக் கீழே வைத்தேன்.

உங்களில் பலர் வெளி மாவட்டத்துக்காரர்கள், அதனால் சொல்கிறேன். எங்கள் பக்கத்தில் பழைய குடியானவர்களுக்கு நிலம் என்றால் குழிதான் கணக்கு. நூறு குழி ஒரு காணி. அவர்கள் வாயில் அது குயி, வழி என்பது வயி. பதினெட்டு குழி என்றால் இரண்டு வீடு கட்டலாம், ஒரு மாட்டுக்கொட்டகை போடலாம், அவ்வளவுதான். கம்பெனியின் தமிழ் மொழிபெயர்ப்பாளர் கோல்ஃப் ஆட்டத்தில் பந்து விழுகிற ஓட்டையைக் குழி என்று எழுதியிருந்தார். அவர் எழுதியதில் ஒரு எழுத்துப் பிழை கிடையாது. ஊரார் கேட்டதிலும் பிழை கிடையாது. தங்கள் பிள்ளைகளுக்குக் கம்பெனி ஒரு கபடி மைதானம் கட்டித்தருகிறது, அதற்கு ஒரு வழி கேட்கிறது, கொடுத்தால் என்ன என்று நூறு பேர் மனதார வாழ்த்திக் கையெழுத்துப் போட்டிருந்தார்கள்.

ஏகாம்பரத்திடம் உண்மையைச் சொன்னேன். அவர் நம்பவில்லை. "பாய், நீ கவர்மெண்ட்டு ஆளு, அப்பிடித்தான் பேசுவே" என்றார்.

மறுநாள் வட்டாட்சியரிடம் போனேன். என்னைவிட வயதில் மிகவும் சின்னவர். நேரடித் தேர்வில் வந்தவர். என் மகள் வயது என்றுகூடச் சொல்லலாம், ஆனால் அந்த அறைக்குள் நுழைந்தால் எனக்கே முதுகு நிமிரும். நடந்ததைச் சொன்னேன். சிரிப்பார் என்று எதிர்பார்த்தேன். அவர் சிரிக்கவில்லை.

"கையெழுத்து எல்லாம் சரியா இருக்கு இல்ல?"

"இருக்கு மேடம்."

"அனுப்பினா மேல யாரும் கேள்வி கேக்க மாட்டாங்க."

"கேக்க மாட்டாங்க மேடம்."

"அதனாலதான் பயமா இருக்கு" என்றார். "அந்தப் பாதையிலேயே கூட்டம் வைங்க. ஆபீஸ்ல உட்கார்ந்து படிச்சா குழி மட்டும்தான் காதுல விழும். பாதை கண்ணுல படணும்."

பிள்ளைகளே, இத்தனை வருஷ வேலையில் நான் கற்றுக்கொண்ட பெரிய பாடத்தை என்னைவிடச் சின்னவர் ஒருவர், ஒரு கோப்பை மூடிக்கொண்டே, இப்படிச் சொல்லிவிட்டார். கொஞ்சம் எரிச்சலாகத்தான் இருந்தது.

இதற்குள் கபடி மைதானச் செய்தி பக்கத்து ஊருக்குப் போயிருந்தது. போய்ச் சேர்ந்தபோது அது கபடி மைதானமாக இல்லை. பக்கத்து ஊரில் டில்லிபாபு என்று ஒருவர், டிராக்டர் வைத்திருப்பவர், எதற்கும் முன்னால் நிற்பவர். குழி என்றதும் அவர் நினைத்தது மண் குவாரியை. பதினெட்டு இடத்தில் பள்ளம் தோண்டி, மண்ணை லாரியில் ஏற்றிக்கொண்டு போகப்போகிறார்கள், அதற்குத்தான் ரோடு என்று வாட்ஸாப்பில் பேசி அனுப்பிவிட்டார். அவர் குரல் கொஞ்சம் அழுகிற மாதிரி இருக்கும், அதனால் அந்தச் செய்தி நன்றாகப் பரவியது.

ஆகவே பாதையில் கூடிய இரண்டாவது கூட்டத்தில் இரண்டு கட்சி. ஒரு கட்சி, "பசங்க கிரவுண்ட கெடுக்காதீங்க" என்று கத்தியது. இன்னொரு கட்சி, "மண்ண அள்ள வுட மாட்டோம்" என்று கத்தியது. இரண்டு கட்சியும் எதிரெதிராக நின்று, இல்லாத இரண்டு விஷயங்களுக்காகச் சட்டையைப் பிடிக்கத் தயாராக இருந்தன. வட்டாட்சியர் ஜீப்பைத் தார் ரோட்டிலேயே விட்டுவிட்டு நடந்து வந்தார். கம்பெனியின் சார்பில் அரவிந்த் என்ற இளைஞர் வந்தார், பளபளவென்று ஒரு பெரிய காரில், பாதையின் நடுவரை. நல்ல பையன். வெள்ளைக் காலணி. கையில் ஒரு கோல்ஃப் மட்டை. விளக்கிச் சொன்னால் எல்லாம் சரியாகிவிடும் என்று நம்புகிற வயது.

"மேடம், குழின்னா இவ்வளவுதான்" என்று கூட்டத்துக்கு வந்த டீ டம்ளரை எடுத்துக் காட்டினார். "இந்த அளவு ஓட்டை. பந்தை இதுல போடணும்."

டில்லிபாபு டம்ளரை வாங்கி உள்ளே எட்டிப் பார்த்தார்.

"டம்ளரு சைஸுல குயி" என்றார் ஏகாம்பரம். "மொத்தம் பதினெட்டு டம்ளரு. அதுக்கு எம்மாம் எடம்?"

அரவிந்த் கையை நீட்டி மேட்டைக் காட்டினார். பனைமரம் வரைக்கும் காட்டினார். பனைமரத்துக்கு அப்பாலும் கை போனது.

"ஒரு டம்ளருக்கும் இன்னொரு டம்ளருக்கும் நடுவுல இன்னா கீது?"

"புல்லு."

"மாடு மேயலாமா?"

"அது... மேயக்கூடாது."

"அப்ப அந்தப் புல்லு யாருக்கு?"

அரவிந்துக்கு அவர் படித்த கல்லூரியில் இந்தக் கேள்வியை யாரும் கேட்டிருக்க மாட்டார்கள். அவர் என்னைப் பார்த்தார். நான் ஏரியைப் பார்த்தேன். வட்டாட்சியர் முகத்தைத் துடைக்கிற சாக்கில் கைக்குட்டையை வாயருகே வைத்துக்கொண்டார்.

சிரிப்பு அடங்கும்போதுதான் பின்னால் சத்தம் கேட்டது. அறுவடை மெஷின். கன்னியம்மா பல நாளாகச் சொல்லிவைத்து, அன்றைக்குத்தான் கிடைத்திருக்கிறது. சொர்ணவாரிப் பயிர் முற்றிக் கதிர் தலை சாய்ந்து நின்றது. மேற்கே கருத்துக்கொண்டு வந்தது. எங்கள் பக்கத்தில் அந்தப் பருவத்தில் சாயங்காலம் மழை வந்தால் காற்றோடு வரும், நின்ற நெல்லைப் படுக்க வைத்துவிடும். மெஷினுக்கு முன்னால் கன்னியம்மா வேகமாக நடந்து வந்துகொண்டிருந்தார்.

மெஷினுக்கும் கழனிக்கும் நடுவில் கம்பெனியின் கார்.

"ஒதுங்குங்க சார்" என்றார் மெஷின் டிரைவர். ஒதுங்க ஏது இடம். ஒரு பக்கம் கால்வாய், ஒரு பக்கம் வேறொருவர் பயிர். அரவிந்த் சமயோசிதமாக, "எங்க சைட்டுக்குள்ள விட்டுக்கறோம்" என்றார். காரை ஓட்டிப்போய்க் கம்பெனி கேட்டுக்கு முன் நிறுத்தினார்கள். கேட் பூட்டியிருந்தது. காவலாளி சாவியோடு நாஷ்டாவுக்குப் போயிருந்தார். சாயங்காலம் என்ன நாஷ்டா என்று கேட்காதீர்கள், காவலாளிகளின் நாஷ்டாவுக்கு நேரம் கிடையாது. போனை எடுக்கவில்லை. கம்பெனி கேட் கம்பெனிக்காரருக்கே திறக்கவில்லை; கார் பாதையை அடைத்துக்கொண்டே நின்றது.

"டைம் ஆவுது" என்றார் மெஷின் டிரைவர். "அடுத்த ஊர்ல வெய்ட் பண்ணிக்கினு கீறாங்க. இங்க பேஜார்னா நான் திரும்பிப் போய்க்கினே இருப்பேன்."

கன்னியம்மா கேட்டைப் பார்த்தார், பிறகு என்னிடம் வந்தார்.

"பாய், இத்தத்தான் பாதை மொகப்புல வெக்கப் போறாங்களா?"

"ஆமா."

"அவுங்க காருக்கே தெறக்க ஆளில்ல. நாளைக்கி என் மெஷினுக்கு யாரு தெறப்பா? நான் சாவிக்காரன் வூட்டத் தேடிப் போவணுமா?"

"நீங்கதான் கையெழுத்துப் போட்டீங்க கன்னியம்மா."

"ஊரே போட்டுது, போட்டேன். பசங்க ஆட எடம்னு சொன்னாங்க. எனக்கு வேற வயி இல்ல பாய். இத்தவுட்டா வேற வயியே இல்ல."

குரல் உடைந்தது. அதுவரை சிரித்துக்கொண்டிருந்த நான் மேற்கே மேகத்தைப் பார்த்தேன். வட்டாட்சியர் என்னைப் பார்த்தார். "என்ன பண்ணலாம் பாய்?" என்றார். அவர் என்னைப் பாய் என்று கூப்பிட்டது அது ஒருமுறைதான். ஊர் முழுக்க என் வாயைப் பார்த்தது. பூட்டை உடைக்கச் சொன்னால் நாளைக்கு என் மேல் புகார். மெஷினைத் திருப்பி அனுப்பினால் மழைக்கு முன்னால் இன்னொரு மெஷின் கிடைக்காது.

மனு என் பையில்தான் இருந்தது. எடுத்து, தேவையான வரியை மட்டும் சத்தமாக வாசித்தேன். மாற்றுப் பாதை "எல்லாப் பருவங்களிலும் கனரக வாகனங்கள் செல்லத்தக்கது." பிறகு அரவிந்திடம் மிகவும் மரியாதையாகச் சொன்னேன்: "தம்பி, அதோ உங்க மாற்றுப் பாதை இங்கேருந்துதான் இறங்குது. காரை அதுல விட்டு, ஏரி ஓரமா சுத்தி, தார் ரோட்டுக்குப் போயிடுங்க. மெஷின் இப்படிப் போகட்டும். ரெண்டு பேர் வேலையும் நடக்கும்."

டில்லிபாபு ஏதோ சொல்ல வாயைத் திறந்தார். ஏகாம்பரம் அவர் காலை மிதித்தார். இரண்டு கட்சிகளுக்கும் நடுவே அன்று ஏற்பட்ட முதல் ஒற்றுமை அதுதான்.

அரவிந்த் நம்பிக்கையோடு ஏறிக்கொண்டார். கார் இறங்கியது. மேலே காய்ந்து வெடித்திருந்த மண் கொஞ்ச தூரம் தாங்கியது. பிறகு முன்சக்கரம் அமிழ்ந்தது. டிரைவர் வேகத்தைக் கூட்டினார், பின்சக்கரமும் அமிழ்ந்தது. கதவைத் திறந்து அரவிந்த் காலை வைத்தார். வெள்ளைக் காலணி உள்ளே போனது, கால் மட்டும் வெளியே வந்தது.

நான் வேண்டுமென்றே செய்தேனா என்று கேட்பீர்கள். வேண்டுமென்றுதான் செய்தேன். அவர் எழுதிக்கொடுத்ததை அவரையே செய்து பார்க்கச் சொன்னேன், அதற்கு மேல் ஒன்றும் இல்லை. விசாரணை என்றால் இதுதான். இரண்டு தரப்பும் சொல்வதை வாங்கிக்கொள்ளுங்கள், பிறகு அவரவர் சொன்ன வழியில் அவரவரை நடக்கவிடுங்கள். உங்கள் வேலை பாதி குறையும்.

மெஷின் அதற்குள் கழனிக்குள் இறங்கிவிட்டது. கன்னியம்மா திரும்பிக்கூடப் பார்க்கவில்லை. டில்லிபாபு டிராக்டரைக் கொண்டுவந்து கயிறு கட்டிக் காரை இழுத்துக் கொடுத்தார். மண் அள்ள வந்தவன் என்று திட்டிய ஆளை மண்ணிலிருந்து எடுத்துவிட்டு, ஒரு டீயும் வாங்கிக் கொடுத்தார். அரவிந்த் வெறுங்காலோடு டீக்கடை பெஞ்சில் உட்கார்ந்து, "நான் மேப்பப் பார்த்துதான் சார் எழுதினேன். மேப்ல நல்லாதான் இருந்துச்சு" என்றார். பாவமாக இருந்தது. அந்தப் பையன் பொய் சொல்லவில்லை. வந்து பார்க்கவில்லை, அவ்வளவுதான். கடைசி நெல் டிராக்டரில் ஏறவும் மழை பிடிக்கவும் சரியாக இருந்தது.

மழைக்குப் பள்ளிக்கூடத்தில் ஒதுங்கியபோது வட்டாட்சியர் அங்கேயே மறுபடியும் கூட்டத்தைத் தொடங்கினார். "பழைய கையெழுத்து எதையும் கிழிக்கல. ஆனா குழின்ற வார்த்தையே இல்லாம ஒருதடவ கேக்கறேன். இந்த வண்டிப்பாதை இனிமே கம்பெனியோடது. நீங்க அந்தக் களிப் பக்கமா போகணும். சம்மதமா?" ஒரு கைகூட உயரவில்லை. ஏகாம்பரம் மட்டும், "கபடி கிரவுண்டு இல்லவே இல்லையா மேடம்?" என்று கடைசியாக ஒருமுறை கேட்டுப் பார்த்தார்.

அறிக்கை எழுதும் வேலை எனக்கு வந்தது. எழுத உட்கார்ந்ததும் முதலில் அந்த ஒரு வரியைத்தான் எழுதினேன், மற்றதெல்லாம் பிறகு: இப்பாதை அடைபட்டால் அப்பால் உள்ள கழனிகளுக்கு வேறு வழியில்லை. கொஞ்ச நாளில் மேலிடத்திலிருந்து விளக்கம் கேட்டு வந்தது. "வேறு வழியில்லை என்று குறிப்பிட்டுள்ளீர். இது கிராமத்தாரின் மனவருத்தமா, தல நிலவரமா என்று தெளிவுபடுத்தவும்." நம் துறையில் சேர்ந்ததற்காக நான் பெருமைப்பட்ட தருணங்கள் உண்டு, இது அதில் சேராது. "தல நிலவரம்" என்று ஒரே சொல்தொடரில் பதில் அனுப்பினேன். இரண்டும்தான் என்று எழுத ஆசை. ஆசைக்கெல்லாம் கோப்பில் இடம் கிடையாது.

ஆணை வந்தது. வண்டிப்பாதை பொதுப் பாதையாகவே தொடரும், அடைக்கவோ மாற்றவோ கூடாது. கம்பெனி மேட்டுக்கு வடக்கே தனியாக நிலம் வாங்கி வழி போட்டுக்கொள்ளப் போவதாகச் சொன்னது. பெரிய பலகை வைத்தார்கள். இன்றுவரை பலகை இருக்கிறது, புல்லும் இருக்கிறது. மாடுகள் மேய்கின்றன, காவலாளி நாஷ்டாவுக்குப் போயிருக்கும் நேரத்தில்.

ஆணையின் நகலைக் கன்னியம்மாவிடம் நானே கொண்டுபோனேன். தபாலில் அனுப்பியிருக்கலாம், மனசு கேட்கவில்லை. நாற்றங்காலில் நின்றுகொண்டிருந்தார். சேற்றுக் கையோடு வாங்க முடியாது என்று என்னையே படிக்கச் சொன்னார். அரசாணை எண், பார்வை ஒன்று, பார்வை இரண்டு, உட்பிரிவு எல்லாம் கம்பீரமாகப் படித்து முடித்தேன். பாராட்டை எதிர்பார்த்து நிமிர்ந்தேன்.

"அப்ப இன்னா பாய் மாறிச்சி?"

யோசித்துப் பார்த்தேன். "ஒண்ணும் மாறல கன்னியம்மா. இருந்த மாதிரியேதான் இருக்கும்."

"அத்தத்தானே கேட்டோம்" என்று சொல்லிவிட்டு அவர் குனிந்து நாற்றுப் பறிக்கத் தொடங்கினார். நான் அந்தப் பாதையிலேயே தார் ரோட்டுக்குத் திரும்பி நடந்தேன்.